நகரில் நடத்தல் – 6: அளவைக்குள் அடங்காத தெரு

ஒரு வட்டாரத்தின் நடைபாதைகளையும் சந்திப்புகளையும் கடைகளையும் கணக்கிட்டு, அது நடப்பதற்கு எந்த அளவு ஏற்றது என்று மதிப்பிடும் முறைகள் சென்ற இதழில் விளக்கப்பட்டன. அந்த மதிப்பீட்டில் முன்னிற்கும் வட்டாரங்களிலும் பக்கத்துக் கடைக்குக்கூட வண்டியை எடுப்போர் பலர் உள்ளனர். அதற்கான காரணத்தைத் தெருவின் அமைப்பில் மட்டும் தேடினால் போதாது. அங்கு வாழ்வோர் அத்தெருவைப் பற்றிக் கொண்டுள்ள மனப்பதிவையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

மனப்பதிவு என்று இங்கே சொல்லப்படுவது, தம் வட்டாரத்தின் தொலைவு, வசதி, அழகு, போக்குவரத்து ஆபத்து, குற்ற அச்சம் ஆகியவை குறித்து ஒருவர் பட்டறிந்தும் கேள்விப்பட்டும் அமைத்துக்கொள்ளும் கணிப்பாகும். பிரையன் சேலன்ஸ், ஜேம்ஸ் சாலிஸ் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், இதை அளப்பதற்கென உருவாக்கிய ‘நியூஸ்’ என்னும் வினாப்பட்டியலைச் சான் டியேகோ நகரில் சோதித்து 2003-இல் வெளியிட்டனர். அருகிலுள்ள கடைக்கு நடந்துபோக எத்தனை நிமிடம் ஆகும், இரவில் தெருவில் போதிய வெளிச்சம் உண்டா என்பன போன்ற கேள்விகளைக் கொண்ட அப்பட்டியல், உண்மையான தொலைவை அல்ல, பதில் சொல்பவர் நினைத்திருக்கும் தொலைவையே பதிவுசெய்கிறது.

அடிலெய்டின் பாடம்

இவ்விரண்டும் எவ்வளவு விலகி நிற்கக்கூடும் என்பதை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் நடந்த ஆய்வு காட்டியது. குடியிருப்பு அடர்த்தி, சந்திப்புகளின் எண்ணிக்கை, நிலப் பயன்பாட்டுக் கலப்பு, கடைகளுக்குரிய பரப்பு ஆகிய நான்கையும் கொண்டு, நடப்பதற்கு மிகவும் ஏற்றவை என வகைப்படுத்தப்பட்ட பகுதிகளில் வாழ்ந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், தம் பகுதி நடக்க ஏற்றதல்ல என்றே கருதினர். குறைந்த கல்வியும் வருமானமும் உடையோர், உடல் எடை மிகுந்தோர், போக்குவரத்துக்காக அதிகம் நடக்காதோர் ஆகியோரிடம் இந்தத் தவறான கணிப்பு கூடுதலாக இருந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே மக்களை மீண்டும் ஆராய்ந்தபோது, சரியாகக் கணித்தவர்களைவிடத் தவறாகக் கணித்தவர்களின் நடை மேலும் குறைந்திருந்ததும், அவர்களின் உடல் நிறை குறியீட்டெண் கூடுதலாக உயர்ந்திருந்ததும் தெரியவந்தன.

இதில் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது எளிதன்று. தெரு சரியில்லை என்று நினைப்பவர் நடப்பதில்லை. நடக்காதவருக்கோ, வண்டி நுழையாத சந்து ஒன்று கடைத்தெருவுக்கு ஐந்தே நிமிடத்தில் கொண்டு சேர்க்கும் என்பது தெரிய வாய்ப்பில்லை. மனப்பதிவும் நடையும் இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கவோ ஒடுக்கவோ செய்கின்றன.

பதிவு பொய்க்காத இடம்

எனினும், மக்களின் கணிப்பு அளவையோடு ஒத்துப்போகாத இடங்களிலெல்லாம் பிழை மக்களுடையதே என்று கொள்வது பொருந்தாது. டொனால்ட் ஆப்பிள்யார்டும் மார்க் லின்டெலும் 1972-இல் வெளியிட்ட ஆய்வு, சான் பிரான்சிஸ்கோவில் தோற்றத்தில் ஒத்த மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் நாளொன்றுக்கு முறையே சுமார் 2,000, 8,000, 16,000 வாகனங்கள் சென்றன. தம்முடையது என்று கருதும் எல்லையை வரைபடத்தில் குறிக்கச் சொன்னபோது, வாகனம் குறைந்த தெருவினர் தெரு முழுவதையும் தமதாகக் காட்டினர். வாகனம் மிகுந்த தெருவினரின் எல்லையோ தம் கட்டடத்தோடு சுருங்கியது. முன்னவர்களுக்கு அத்தெருவிலேயே சராசரியாக மூன்று நண்பர்கள் இருக்க, பின்னவர்களுக்கு ஒருவர்கூட முழுதாக இல்லை. நடைபாதை இரு தெருக்களிலும் இருந்தும், வாகனம் மிகுந்த தெருவில் அது வீட்டுக்கும் வெளியிடத்துக்கும் இடையே விரைந்து கடக்கும் வழியாக மட்டுமே எஞ்சியது.

‘நியூஸ்’ வினாப்பட்டியலின் இந்திய வடிவம் சென்னையில் சோதிக்கப்பட்டு 2016-இல் வெளியானது. அந்நகரின் மாநகராட்சி 2014-இலேயே நடப்போரையும் மிதிவண்டி ஓட்டுவோரையும் முன்னிறுத்தும் கொள்கையை ஏற்றது. தியாகராய நகரின் பாண்டி பஜார் 2019-இல் அகன்ற நடைபாதைகளுடன் புதிய வடிவம் பெற்றது. ஆனால் வரைபடத்தில் நடைபாதை உள்ளதாகக் காட்டப்படும் எத்தனையோ தெருக்களில், மின்வாரியப் பெட்டியும், நிறுத்திவைத்த இருசக்கர வாகனங்களும், டீக்கடை முன் நிற்கும் கூட்டமும் நடப்பவரைச் சாலைக்கே இறக்கிவிடுகின்றன. பகலில் வழியை மறிக்கும் அதே டீக்கடை, இரவில் விளக்கொளியையும் ஆள் நடமாட்டத்தையும் தருவதால் முதியவர் ஒருவருக்குத் தைரியம் அளிக்கலாம். அங்கே கூடி நிற்கும் ஆண்களைத் தாண்டிப் போக வேண்டிய இளம்பெண்ணுக்கோ அதுவே சுற்றுவழியைத் தேட வைக்கலாம். 1961-இல் ஜேன் ஜேக்கப்ஸ் வலியுறுத்திய, தெருவைக் காக்கும் கண்கள் என்னும் கருத்தும், அக்கண்கள் யாருடையவை என்ற கேள்வியைச் சேர்க்கும்போதே இங்கு முழுமை பெறுகிறது.

ஆகவே, அளவைக்கும் மனப்பதிவுக்கும் இடையிலான விலகல் ஒரே வகையானதன்று. நல்ல வழி இருந்தும் அறியப்படாத இடத்தில் வழிகாட்டிப் பலகையும், சேர்ந்து நடக்கும் வாய்ப்புகளும் பயன்தரக்கூடும். மக்களின் அச்சம் உண்மை நிலையைச் சரியாகச் சொல்லும் இடத்திலோ, வாகன வேகத்தைக் குறைக்காமலும் நடைபாதையை மீட்காமலும் நடக்கச் சொல்லிச் செய்யும் பிரசாரம், பழியை நடப்பவர் மீது சுமத்துவதாகவே முடியும். எந்தத் தெரு எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறிய, அளவைநாடாவோடு செல்லும் அலுவலர் அத்தெருவில் வாழ்வோரிடம், குறிப்பாக அங்கு நடப்பதைக் கைவிட்டவர்களிடம், கேட்டாக வேண்டும்.

சாலையைக் கடக்கும் இடங்களில் இந்த விலகல் எவ்வாறு வெளிப்படுகிறது என்பது அடுத்த இதழில் ஆராயப்படும்.