வரி ரசீது இருக்கு... பிளான் அனுமதி இருக்கா? பழைய வீட்டைப் புதுப்பிப்போர் கவனத்துக்கு

காரைக்குடி அருகே பள்ளத்தூரில் ஐயா காலத்து வீடு. வெளியூரில் வேலை பார்க்கும் பேரப்பிள்ளைகள் பணம் போட்டு, பின்கட்டில் பாத்ரூமோடு ஓர் அறை, மாடியில் கான்கிரீட் ஹால் என்று சேர்த்துக் கட்டியிருப்பார்கள். சில வருஷம் கழித்து அந்த வீட்டின் பேரில் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதுதான் கேள்வி வரும்: ‘சேர்த்துக் கட்டினதுக்கு அனுமதி எங்கே?’

மதிப்பீட்டாளர் என்ன பார்ப்பார்?

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது ஆகியவற்றைப் பார்த்துவிட்டு வீட்டை நேரில் அளப்பார். அந்த அளவும் அனுமதி பெற்ற வரைபடமும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார். வரைபடத்தில் இல்லாத பகுதியை ‘அனுமதியற்றது’ என்று அறிக்கையில் குறிப்பார். பெரும்பாலும் அதற்கு மதிப்புப் போட மாட்டார்.

உதாரணத்துக்கு, அனுமதி 2,000 சதுர அடிக்கு, கட்டியிருப்பது 2,600. சதுர அடிக்கு ரூ.1,800 என்று வைத்தால், கணக்கில் வராமல் போவது ரூ.10.80 லட்சம். மதிப்பில் 80% கடன் என்றால், கைக்கு வராத தொகை ரூ.8.64 லட்சம்.

‘அதான் வரி கட்டுறோமே?’

பலரும் சொல்லும் பதில் இது. ஆனால் வரி என்பது கட்டடம் இருப்பதற்காக விதிக்கப்படுவது. வரி ரசீது கட்டட அனுமதிக்கு ஈடாகாது.

அனுமதியில்லாத கட்டுமானத்தில் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், அது முறையானதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று அளித்த தீர்ப்பில் கூறியது. கட்டடத்தை ஈடாக வைத்துக் கடன் தரும்முன் நிறைவுச் சான்றைச் சரிபார்க்க வேண்டும் என வங்கிகளுக்கும் அதே தீர்ப்பில் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் சிறிய வீடுகளுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. அந்த வீடுகளுக்கு, அனுமதி பெற்ற வரைபடம்தான் கையில் இருக்கும் முக்கிய ஆதாரம்.

எதற்கு அனுமதி வேண்டும்?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தரையை மாற்றிப் போடுவது போன்ற பராமரிப்புக்கு அனுமதி தேவையில்லை. பழைய தரையை எடுத்துவிட்டு ஆத்தங்குடி கல் பதிப்பதும் இதில் அடங்கும். புது அறை, கூடுதல் மாடி, வீட்டை விடுதியாக மாற்றுவது ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டும்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ, அதன்மேல் ஒரு மாடியோ கட்ட ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் செட்டிநாட்டு வீடுகள் இந்த அளவுக்குள் அடங்காது. அவற்றுக்கு வழக்கமான நடைமுறைதான்.

செட்டிநாட்டில் கூடுதல் சிக்கல்

நூறு வருஷத்து வீட்டுக்குப் பெரும்பாலும் வரைபட அனுமதி இருக்காது. பழைய பத்திரம், வரிப் பதிவேடு ஆகியவற்றைக் கொண்டு அதன் வயதைக் காட்டலாம். புதிதாகச் சேர்த்த பகுதிக்கு அந்தச் சலுகை கிடைக்காது. பங்காளிகளுக்குப் பொதுவான வீடாக இருந்தால், ஒருவர் மட்டும் விண்ணப்பித்தால் போதாது. மற்றவர்களின் சம்மதமும் தேவைப்படும்.

இப்போதே என்ன செய்யலாம்?

* வரைபடத்தையும் வீட்டையும் அறை அறையாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.
* வரைபடம் தொலைந்திருந்தால் பேரூராட்சி அலுவலகத்தில் நகல் கேட்கலாம். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.
* கூடுதல் கட்டுமானம் இருந்தால், அது விதிகளுக்கு உட்பட்டதா என்று பதிவுபெற்ற பொறியாளரிடம் கேட்டு, திருத்திய வரைபடத்துக்கு விண்ணப்பிக்கலாம். விதியை மீறிய பகுதிக்கு அனுமதி கிடைக்கும் என்ற உறுதி இல்லை.
* வீடு வாங்குபவராக இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வரைபடத்தைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். கொடுத்த பிறகு குறை தெரிந்தால், பேரம் பேச இடமிருக்காது.