செய்தி அறுந்துபோகாமல் காப்பவர்கள்

ஒரு படையின் வலிமையைப் பீரங்கிகளை எண்ணித்தான் பெரும்பாலும் அளக்கிறோம். அந்தப் பீரங்கி எப்போது சுட வேண்டும் என்ற உத்தரவைக் கொண்டுசேர்க்கும் சிக்னல்ஸ் பிரிவுக்குப் போர் வரலாறுகளில் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. இந்தியாவில் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் எனும் பொறியியல் படையின் கிளை வேலையாக இருந்த செய்தித் தொடர்புக்கு, 1911 பிப்ரவரி 15 அன்று ஃபதேகரில் தனி சிக்னல் கம்பெனிகள் உருவாயின. லெப்டினன்ட் கர்னல் பவல் அவற்றுக்கு அடித்தளமிட்டார். அதே 1911இல் லிபியாவில் துருக்கியரோடு மோதிய இத்தாலியப் படை, மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியைப் போர்க்களத்துக்குக் கொண்டுசென்றது. புதிய கருவி வந்தபோது, அதை இயக்கித் தாங்கிப்பிடிக்கப் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டியிருந்தனர். சிக்னல்ஸ் படையின் வரலாறு அந்த ஆட்களின் வரலாறுதான் என்பது என் வாதம்.

இதற்கு இயற்பியலே சான்று. ஹென்றி மான்ஸ் உருவாக்கிய ஹீலியோகிராஃப், சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பி மோர்ஸ் குறிகளை அனுப்பியது. மேகம் வந்தாலோ மலை மறைத்தாலோ செய்தி நின்றது. இன்றைய வி.ஹெச்.எஃப். வானொலியும் ஏறத்தாழ நேர்கோட்டில்தான் செல்கிறது. நாமகிரிப்பேட்டைச் சமவெளியில் 2 மீட்டர் உயர ஆன்டெனாவின் அடிவானம் சுமார் 6 கிலோமீட்டர்தான். அதையே கொல்லிமலையில், சமவெளிக்கு மேல் 1,000 மீட்டர் உயரத்தில் வைத்தால், இடையில் வேறு மலை குறுக்கிடாத திசையில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர் எட்டும். ஆனால் மலையுச்சிக்கு மின்கலம் போக வேண்டும்; காற்றில் சாயும் கம்பத்தை யாராவது நிமிர்த்த வேண்டும். சிற்றலையோ அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி மலைகளைத் தாண்டும். எனினும் பகலுக்கு உயர்ந்த அதிர்வெண், இரவுக்குத் தாழ்ந்தது என்று மாற்றத் தெரிந்தவர் வேண்டும். துணைப்பணி என்று ஒதுக்கப்படும் இவை நின்றால் விலை உயர்ந்த கருவியும் ஊமையாகிவிடும்.

ஆளுக்கொரு கைபேசியும் தலைக்கு மேல் செயற்கைக்கோளும் இருக்க, இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். அமைதிக் காலத்தில் அது நியாயமான கேள்வி. ஆனால் கைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரமும் கண்ணாடி இழையும் வேண்டும். புயலிலும் நிலநடுக்கத்திலும் முதலில் அறுபடுபவை அவைதான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்தமானின் தொலைபேசித் தொடர்புகள் துண்டிக்கப்பட்டபோது, ஆர்வலர்கள் நடத்தும் அமெச்சூர் வானொலி இயக்கத்துக்காகப் போர்ட் பிளேர் வந்திருந்த பாரதி பிரசாத் குழுவினர் சிற்றலை வழியே செய்திகளைக் கடத்தினர். செயற்கைக்கோள் தொலைபேசி போதாதா என்றால், அதுவும் ஒரே ஒரு வழி. அதற்கும் மின்னேற்றம் வேண்டும். ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று தயாராக இருக்க வேண்டும் என்பதே சிக்னல்ஸ் படைகள் ஒரு நூற்றாண்டாகக் கற்ற பாடம். அந்தப் பாடம் ராணுவ முகாமுக்குள் அடங்க வேண்டியதில்லை. 12 வயது நிறைந்தவர்கள் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வெழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம். சேலம், நாமக்கல் மாவட்டப் பள்ளிகளும் கல்லூரிகளும் இதற்கான மன்றங்களை இப்போதே தொடங்க வேண்டும்.