யார் வீட்டுப் பிள்ளை?

தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் தெருவோடு போகும் சிறுவனைத் திண்ணையில் இருக்கும் பெரியவர் நிறுத்திக் கேட்பது அவன் பெயரை அன்று, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பதைத்தான். "மேலத்தெருக் கணக்குப்பிள்ளை பேரன்" என்று பதில் வந்துவிட்டால் அடுத்த நிமிஷமே அவன் தூதுவன் ஆகிவிடுவான். "நாளைக் காலையில் வாய்க்காலில் தண்ணீர் நம் முறை என்று தாத்தாவிடம் சொல்லிவிடு" என்று ஒரு செய்தி அவன் தலையில் ஏறும். தொலைபேசி இல்லாத காலத்தில் வீட்டுக்கு வீடு செய்தி போனது பெரும்பாலும் குழந்தைகளின் கால்களால்தான். சொன்னதைப் பாதி வழியில் மறந்து, வேறு எதையோ சொல்லிவைத்து, இரண்டு வீட்டாரும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு.

கடைக்குப் போய்வருவது இன்னும் பெரிய பொறுப்பு. காசைப் பாட்டி பாவாடை நுனியில் முடிந்து அனுப்புவாள். "வழியில் விளையாடாதே, மீதியை எண்ணி வாங்கு" என்பது அவள் உபதேசம். கடைக்காரர் வெல்லத்தை நிறுத்துப் பொட்டலம் கட்டியபின், சிறு கையில் நாலு பொட்டுக்கடலையோ ஒரு துண்டு வெல்லமோ வைப்பார். இதுதான் கொசுறு. பெரியவர்கள் போனால் கேட்டு வாங்க வேண்டும். குழந்தைக்கு அது கேளாமலே கிடைத்தது. கடைக்குப் போகச் சொன்னால் எந்தக் குழந்தையும் மறுக்காத காரணம் இப்போது விளங்கும்.

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி புதுக்காசு வந்தபோது குழந்தைகளின் மதிப்பு இன்னும் கூடியது. பதினாறு அணாவாக இருந்த ரூபாய் நூறு நயா பைசா ஆனது. ஓர் அணாவுக்கு 6 பைசா, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று பட்டியல் போட்டார்கள். வாழ்நாள் முழுவதும் அணாவில் கணக்குப் பார்த்த பாட்டிமார்களுக்கு இது பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்து வந்த பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் பால்காரனுக்குக் காசு எண்ணினார்கள். கெட்டிக்காரப் பிள்ளை இன்னொன்றையும் கண்டுகொள்வான்: மூன்று அணாச் சாமானை ஒரே தடவையில் வாங்கினால் 19 பைசா, ஓர் அணாவாக மூன்று தடவை ஓடி வாங்கினால் 18. பைசாவும் ஒன்று மிச்சம், கொசுறும் மூன்று தடவை!

இந்த இனிமைக்கு நடுவே மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. "யார் வீட்டுப் பிள்ளை?" என்ற அதே கேள்விதான் ஒரு குழந்தை திண்ணையில் ஏறலாமா, தெருவிலேயே நிற்க வேண்டுமா என்பதையும் முடிவு செய்தது. தாகம் என்று வந்த ஒரு பிள்ளைக்குத் தம்ளரில் தண்ணீர் கிடைத்தது. இன்னொரு பிள்ளை இரு கைகளையும் குவித்து ஏந்த, மேலேயிருந்து ஊற்றப்பட்டது. யாரும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. ஐந்து வயதுக்குள் இரண்டு பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 1956-இல் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. அது 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பசியைப் போக்க வந்த அந்தச் சோறு, அதுவரை சேர்ந்து உண்ணாத பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்காரவும் வைத்தது. எல்லா ஊரிலும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. சமைப்பவர் யார் என்று பார்த்த வீடுகளும் இருந்தன.

வெளிநாட்டில் பிறந்த குழந்தைகளை விடுமுறையில் ஊருக்கு அழைத்துச் செல்லும் அன்பர்கள் இக்கேள்வியை இன்றும் கேட்டிருப்பார்கள். குழந்தை தன் பெயரைச் சொல்கிறது. வந்த நாட்டின் பெயரையும் சொல்கிறது. கேட்ட கிழவிக்கு இரண்டாலும் பயனில்லை. "உன் தாத்தா பெயர் என்னடா கண்ணு?" என்று அடுத்த கேள்வி போடுகிறாள். அதற்கும் குழந்தை விழித்தால் தகப்பனாரைப் பார்க்கிறாள். அவரிடமிருந்து பெயர் வந்ததோ இல்லையோ, முகம் மலர்ந்து, குழந்தையின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் விரல்களைச் சொடுக்குகிறாள். பழக்கமில்லாத பிள்ளை ஓர் அடி பின்வாங்கும். அவள் அதைக் கவனிப்பதில்லை.

"உன் அப்பன் இந்தத் திண்ணையில் இருந்துதான் குதித்துப் பல்லை உடைத்துக்கொண்டான். அழுதுகொண்டே வந்தவனுக்கு நான்தான் வாயைக் கழுவிவிட்டேன்" என்கிறாள். வீட்டில் ஒருநாளும் அழாத அப்பாவைக் குழந்தை நிமிர்ந்து பார்க்கிறது. பிறகு திண்ணை எவ்வளவு உயரம் என்று போய்ப் பார்க்கிறது.