காளானுக்கும் மூச்சு முட்டும்!

வீட்டில் சும்மா கிடக்கும் அறையில் சிப்பிக் காளான் வளர்த்து, கைச்செலவுக்கு நாலு காசு பார்க்கும் சகோதரிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் சிநேகிதியும் அவர்களில் ஒருத்தி. சென்ற மழைக்காலத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். வைக்கோல் படுக்கைகள் வரிசையாகத் தொங்கின. ஆனால் காளானைப் பார்த்துத் திகைத்துப் போனேன். சிப்பியாக விரிய வேண்டியது, கொக்குக் கழுத்தும் பொத்தான் தலையுமாக நீண்டிருந்தது!

"வித்து சரியில்லை, அக்கா. இதை யார் வாங்குவார்கள்?" என்று கண் கலங்கினாள். பேச்சுக்கு நடுவே இருமல் வேறு.

வித்தின் மேல் குற்றமில்லை. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்திருந்ததுதான் குற்றம். காளானும் நம்மைப் போலப் பிராணவாயுவை இழுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. அது அறையில் தேங்கினால் தண்டு நீளும், குடை விரியாது.

இதைச் சொன்னதும் அவள் மேஜை விசிறியைக் கொண்டு வந்து, படுக்கைகளுக்கு நேரே வைத்து முழு வேகத்தில் விட்டாள். மூன்றே நாளில் மொட்டுகள் காய்ந்து சுருங்கிவிட்டன! காளானுக்குக் காற்று மாற வேண்டும். மேலே அடிக்கக் கூடாது. இதுதான் ரகசியம்.

ஆகவே, வாங்க வேண்டியது சுவரில் பொருத்தும் எக்ஸாஸ்ட் விசிறி. 10 அடி நீளம், 8 அடி அகலம், 9 அடி உயரமுள்ள அறையில் 720 கன அடி காற்று இருக்கும். அதாவது சுமார் 20 கன மீட்டர். விசிறியின் பெட்டியில் மணிக்கு 200 கன மீட்டர் என்று போட்டிருந்தால், கணக்குப்படி 6 நிமிஷத்தில் அறைக் காற்று மாறும். விசிறியை ஒரு சுவரில் உயரத்திலும், காற்று நுழையும் வழியை எதிர்ச் சுவரில் தாழ்வாகவும் வையுங்கள். நுழையும் வழிக்கு ஈ புகாத வலை அவசியம். வலை காற்றைச் சற்றுத் தடுக்குமாதலால் 10 நிமிஷம் ஓட்டலாம். ஈரமான அறை என்பதால் துருப்பிடிக்காத இறக்கையும், நீர் தெறித்தாலும் தாங்கும் மோட்டாரும் உள்ளதாகப் பாருங்கள்.

வித்து பரவும் முதல் 15, 20 நாட்களுக்கு விசிறி வேண்டியதில்லை. மொட்டு விடும்போது, நாளைக்கு நாலு தடவை ஓட்டுங்கள். தண்டு நீண்டால் நேரத்தைக் கூட்டுங்கள். குடையின் ஓரம் காய்ந்தால் குறையுங்கள். உச்சி வெயிலில் ஓட்டினால் அனல் உள்ளே வரும். விசிறி நின்ற பிறகே தண்ணீர் தெளியுங்கள்.

இனி, அந்த இருமல். முற்றிய குடையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் பறக்கும். அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இருமலும் மூச்சுத் திணறலும் வரும். எனவே, குடையின் ஓரம் மேலே மடங்குமுன் பறித்துவிடுங்கள். உள்ளே போகுமுன் விசிறியைச் சற்று நேரம் ஓட்டி, முகக்கவசம் அணிந்து கொள்ளுங்கள். விசிறியின் வாய் படுக்கையறைப் பக்கமோ அடுத்த வீட்டு ஜன்னல் பக்கமோ இருக்கலாகாது. இருமல் நீடித்தால் டாக்டரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.

அந்தத் தூளும் ஈரமும் சேர்ந்து இறக்கையில் களிம்பாக ஒட்டும். விசிறி ஆடும், சத்தம் போடும். வாரம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். மோட்டாரில் தண்ணீர் படக் கூடாது. வலையையும் அலசுங்கள். துடைத்த பிறகும் மெதுவாகச் சுற்றினால் கெபாசிட்டர் பழுதாகியிருக்கலாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுவிட்சு அறைக்கு வெளியே இருக்கட்டும். எர்த் இணைப்பு கட்டாயம். ஈரக் கையோடு தொடவே தொடாதீர்கள்!

போன வாரம் சிநேகிதி ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தாள். பிரித்தால், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று சிப்பிகள். கூடவே ஒரு சீட்டு: "அக்கா, இருமலும் போயிற்று!"