ராஜினாமா எழுதுவதற்கு முன்

தொடர்ந்து சில நாள் ஆபீசுக்குத் தாமதம், அடுத்து மெமோ. இரவில் போடும் மனநல மாத்திரையின் அசதி காலையில் தெளிவதில்லை என்று மேலாளரிடம் சொல்லக் கூச்சம். விசாரணை என்ற பேச்சு எழுந்ததும், மானம் போகுமுன் பலர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த அவசரம் வேண்டாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசுப் பணி என்றால் 20-ஆம் பிரிவின்படி தேவையான வசதியைச் செய்துதருவது நிர்வாகத்தின் கடமை. பணியில் சேர்ந்தபின் இந்த நிலை வந்தது என்பதற்காக வேலையைப் பறிக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது; பார்த்த வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தரவேண்டும். தனியார் துறைக்கு இத்தனை கண்டிப்பு இல்லை. சட்டத்தின் பெரிய ஓட்டை இது என்பேன். ஆனாலும் சமவாய்ப்புக் கொள்கை அங்கேயும் கட்டாயம். எச்.ஆரிடம் முதலில் அதன் நகலைக் கேளுங்கள்.

40 சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழ் இல்லையே என்று தயங்க வேண்டாம். தேர்வு எழுத உதவியாளர் கேட்டவர் வழக்கில், வசதி பெற அந்த அளவுகோல் தேவையில்லை என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையையும் ரத்து செய்தது. நடவடிக்கைக்கு வழிவைத்த காரணங்களில் மனநலக் குறைபாடும் ஒன்று என்று காட்டினாலே போதும், அது மட்டுமே காரணம் என நிரூபிக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். நோயின் முழுக்கதை வேண்டாம். எது இடிக்கிறது, எது வேண்டும் என்பது போதும். ‘சிகிச்சையில் இருக்கிறேன். மருந்தின் அசதியால் காலை 9 மணிக்கு வர இயலவில்லை. 10.30 முதல் 7 மணி வரை வேலை பார்க்க அனுமதி வேண்டும். நைட் ஷிப்டிலிருந்து விலக்கு வேண்டும்.’ கூடவே மருத்துவர் கடிதம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்வதால், அலுவலகத்திலிருந்து யாராவது போனில் விசாரித்தாலும் உங்கள் சம்மதமின்றி மருத்துவர் வாய் திறக்கக் கூடாது.

சொன்னபின் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள், பதவி உயர்வு தள்ளிப்போகும் என்ற பயம் பொய்யல்ல. அதனால்தான் யாரிடம், எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்பதற்குத் தடயம் வேண்டும். கேட்ட வசதியை மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம். அவர் பரிந்துரையை ஏற்காத அலுவலகம் மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்லியாக வேண்டும்.

மெமோ ஏற்கெனவே வந்துவிட்டதா? பதிலில் சிகிச்சையைக் குறிப்பிட்டு, ஒப்புகை வாங்கி வையுங்கள். மனம் தாளாத நேரத்தில் பேச டெலி மானஸ் மனநல உதவி எண் 14416; கட்டணமில்லை.