சிற்றுருவில் ஒரு போர் விமானம்

1940ஆம் ஆண்டின் பிரிட்டன் வான்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறக்கை விரிவு ஏறத்தாழ 11.2 மீட்டர். அதனை 72இல் ஒரு பங்காகச் சுருக்கினால் பதினாறு சென்டிமீட்டருக்கும் குறைவே. இச்சிற்றுருவுக்கு வண்ணந் தீட்டும் முறையைச் சுருங்கக் காண்போம்.

மேற்புறத்துக்குக் கரும்பச்சையும் மண்பழுப்பும். மேலிருந்து நோக்கும் பகைவனுக்கு விமானம் நிலத்தோடு கலந்து தோன்றும். அடிப்புறத்துக்கு வானோடு ஒன்றும் வெளிர்பச்சை. அசல் நிறத்தை அப்படியே பூசினால் சிற்றுரு இருண்டு தெரியும். ஆதலின் சிறிது வெண்மை கலத்தல் வேண்டும்.

இனி நுட்பம். இறக்கைகளிலுள்ள எட்டுத் துப்பாக்கி வாய்களையும் புறப்படுமுன் சிவப்புத் துணியொட்டி மூடுவர். சுட்டால் துணி கிழியும். இறக்கையின் அடியில் புகைக்கறை படியும். துணி கிழியாதிருக்கக் கறையை மட்டும் தீட்டுவது பொய். போருக்கு முன்னா, பின்னா என்று துணிந்த பின்னரே தூரிகையைத் தொடுதல் வேண்டும். அக்கறை, ஓர் இளைஞன் உயிரைப் பணயம் வைத்ததன் சுவடு. அதை வெறும் அழகுக்காகத் தீட்டுவது தகாது என்பதே நம் துணிபு.