குண்டுகரிச்சான் பாடக் கற்கும் விதம்

மட்டக்களப்பு வாவிக்கரைத் தோட்டங்களில் விடியற்காலையில் பாடும் குண்டுகரிச்சான், பாட்டோடு பிறப்பதில்லை. பாடும் பறவைகளின் குஞ்சுகள் மூத்தவற்றின் பாட்டைக் கேட்டு நினைவில் பதிக்கின்றன. பிறகு மழலையாய்ப் பிதற்றி, தம் குரலைத் தாமே கேட்டுத் திருத்துகின்றன. இதற்கென முன்மூளையில் தனி நரம்பணுத் திரள்கள் உண்டு. கனாரிக் குருவியில் அவற்றை 1976இல் பெர்னாண்டோ நொட்டேபோம் குழுவினர் விளக்கினர். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள குரலுறுப்பை அவையே இயக்குகின்றன. அவ்வுறுப்பின் இரு பக்கமும் தனித்தனியே ஒலிக்கும்; எத்தனை நுட்பமான அமைப்பு!

குயிலின் கதை வேறு. காகக் கூட்டில் வளர்ந்தும் அது குயிலாகவே கூவுகிறது. அது பிறவிக் குரல். நாம் கரைச்சல் என்று ஒதுக்கும் காகமோ வகைப்பாட்டில் பாடும் பறவை. குரல் கற்கும் மூளை அதற்கு உண்டு.